வெற்று நிலமே சாட்சி

யுத்தத்தில் வென்ற தளபதிக்குச் சிலை வைக்காத தேசம் உண்டா? குதிரை மீது அமர்ந்து வாளை ஓங்கும் வீரர்களுக்கு நாற்சந்திகளில் பஞ்சமே இல்லை. ஆனால், ஆயுதமே ஏந்தாமல் யுத்தத்துக்குப் பலியான ஏழை எளியவர்களுக்கு எப்படி ஞாபகச் சின்னம் எழுப்புவது? இதற்குச் செக் நாட்டிலுள்ள லிடிட்சே என்ற சிற்றூர் தந்திருக்கும் விடையே மிகச் சிறந்தது என்பது நம் கருத்து.

பிராக் நகருக்கு வடமேற்கே சுமார் 20 கிலோ மீட்டரில் இருக்கிறது இவ்வூர். 1942 மே 27-ல் நாஜி அதிகாரி ஹைட்ரிக் மீது பிராகில் குண்டு வீசப்பட்டது. ஜூன் 4-ல் அவர் இறந்தார். அந்தக் கொலையில் லிடிட்சேக்குப் பங்கு உண்டு என்பதற்கு ஒரு ருசுவும் இல்லை. ஆயினும் பழி அதன் தலையில் விழுந்தது. ஜூன் 10-ல் ஒரு பண்ணைத் தோட்டத்தில் 173 ஆடவரை நிறுத்திச் சுட்டார்கள். பெண்களை ராவன்ஸ்புருக் முகாமுக்கு ஓட்டிச் சென்றார்கள். 82 குழந்தைகளை செல்ம்னோவில் விஷப் புகையிட்டுக் கொன்றார்கள்.

அதோடு ஆத்திரம் தீர்ந்ததா? வீடுகளைக் கொளுத்தி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லறைகளைத் தோண்டினார்கள். ஓடையின் போக்கையே மாற்றினார்கள். அங்கே ஓர் ஊர் இருந்தது என்ற அடையாளமே கூடாதாம்! யுத்தம் முடிந்தபின் 143 பெண்களும் 17 குழந்தைகளுமே திரும்பி வந்தார்கள்.

வந்தவர்களுக்குச் சற்றுத் தள்ளிப் புதிய லிடிட்சேயைக் கட்டினார்கள். பழைய இடத்தை வெற்று நிலமாகவே விட்டு வைத்தார்கள். இந்த முடிவைத்தான் நாம் போற்றுகிறோம். இன்று அங்கே பசும்புல் சரிவும், மாதா கோவிலின் அஸ்திவாரமும், ஆடவர்களைப் புதைத்த பொதுக் கல்லறையும் இருக்கின்றன. பாவத்தை மறைக்கப் பாவிகள் உண்டாக்கிய வெறுமையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வானளாவிய கோபுரம் எழுப்பியிருந்தால் பார்ப்பவர் கோபுரத்தை வியந்துவிட்டுப் போயிருப்பார். வெட்டவெளியைக் கண்டவரோ, "இங்கிருந்த வீடுகள் எங்கே?" என்று கேட்டே தீரவேண்டும்.

கொல்லப்பட்ட குழந்தைகளைச் சிற்பி மேரி உச்சிடிலோவா 1969 முதல் உருவாக்கத் தொடங்கினார். 42 சிறுமியர், 40 சிறுவர். ஒவ்வொன்றும் தனி முகம். வெண்கலத்தில் அனைத்தையும் பார்க்காமலே 1989-ல் அவர் காலமானார். கணவர் பணியைத் தொடர்ந்தார். கடைசிச் சிலைகள் 2000-ல் நிறுவப்பட்டன. 82 என்பது வெறும் எண்ணிக்கை. அந்த 82 முகங்களை நேருக்கு நேர் பார்த்தவருக்கு அது எண்ணிக்கையாக இருக்க முடியுமா?

"பழைய பகையைக் கிளறுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் அங்கே வளர்ந்திருப்பது பகை அல்ல. பிரிட்டிஷ் டாக்டர் பார்னெட் ஸ்ட்ராஸின் முயற்சியால் 1955-ல் ரோஜாத் தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது. பல தேசத்தார் அதற்குச் செடிகள் அனுப்பினார்கள். மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் ஊர்ப்புறங்களுக்கு லிடிட்சே என்றே பெயரிட்டார்கள். மறந்துவிடு என்பது கொன்றவனின் கட்டளை. அதற்கு நாமும் கீழ்ப்படிவதா?

ஞாபகச் சின்னம் அமைப்போர் முதலில் மாண்டவர்களின் கணக்கைச் சரியாக எழுதட்டும். நடந்த இடத்தை நடந்தபடி காப்பாற்றட்டும். அலங்காரத்துக்கு அவசரமில்லை. உண்மை அங்கே குடியிருந்தால் புல்லும் பேசும்.