முடியாத வேலைகளுக்கு ஒரு பொதுமேசை

கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு நின்ற ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில் அவர்கள் அங்கே காலூன்றிய கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. கிராமம் வருவதற்கு முன்பே அந்த வட்டத்துக்கு ஓர் ஏடு இருந்தது. அவர்களுடைய முற்போக்கு ஓவியர் சங்கம் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து வெளியிட்ட ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’தான் அது. சேர்ந்து வாழ நிலம் கிடைக்கும் முன்னரே, சேர்ந்து பேச ஓர் இடத்தை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

சிற்றிதழ் நடத்தும் நமக்கு இந்த வரிசை நன்றாகப் புரியும். ஏடும் ஓவியமும் இங்கே சேர்ந்தே நடந்தவை. 1970இல் வரத் தொடங்கிய கசடதபற இதழையும் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளையும் பிரித்துப் பார்க்க முடியுமா?

இன்று சேர்ந்து வேலை செய்யக் கிடைக்கும் இடங்கள் சொற்பம். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. ஓவியம், சிற்பம், அச்சு, பீங்கான் என்று பட்டறைகள் உண்டு. மற்றபடி, நான்கைந்து பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு எடுக்கும் மொட்டைமாடி அறைகள், பழைய கிடங்குகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. திறப்புவிழா அழைப்பு, பிறந்தநாள் வாழ்த்து, முடிந்துபோன படம், அதற்கு வரிசையாகக் கைதட்டல். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் பட்டறை என்ற இடத்தின் உயிர் எதுவோ அது மட்டும் அந்தக் குழுவுக்குள் வருவதில்லை.

எட்சிங் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். துத்தநாகத் தகட்டில் மெழுகுப்பூச்சைக் கீறி அமிலத்தில் இறக்கியவர், “இன்னும் ரெண்டு நிமிஷம் விடலாமாண்ணே?” என்று பக்கத்து மேசையைக் கேட்கிறார். “எடுத்துடு, கோடு தின்னுடும்” என்று பதில் வருகிறது. ஒருவர் மை தடவித் துடைக்க, கை சுத்தமாக இருக்கும் இன்னொருவர் ஈரத்தாளை விளிம்பில் பிடித்து வந்து வைக்கிறார். மூன்றாமவர் பிரஸ் சக்கரத்தைச் சுற்றுகிறார். கம்பளியை விலக்கி, தாளை மூலையிலிருந்து உரிக்கும்போது அறையில் இருக்கிற எல்லோரும் வந்து குனிகிறார்கள். முதல் அச்சுப்படி பெரும்பாலும் சரியாக விழாது. ஏன் விழவில்லை என்று தொடங்கும் பேச்சில் ஒரு மாணவர் கற்றுக்கொள்வது, வகுப்பறையில் கிடைப்பதைவிட அதிகம்.

எழும்பூரிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரி முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர் முதலில் இழப்பது இந்தப் பேச்சைத்தான். பிரஸ் விலைக்கு வாங்கும் வசதி அவருக்கு இல்லை; குனிந்து பார்க்கவும் ஆளில்லை. குழந்தை பிறந்தபின் மாலையில் பட்டறைக்கு வர முடியாமல் போகும் பெண்களுக்கும் இதே கதிதான். அந்தப் பேச்சைத் தொடரும் ஓர் இணையவழிக் கூட்டுறவு முதலில் இவர்களுக்காகத்தான் வேண்டும். ஒருவர் தன் கெட்டுப்போன படியின் படத்தோடு, அமிலத்தில் எத்தனை நிமிடம் விட்டார், எந்தத் தாள், எந்த மை என்று நாலு வரி எழுதட்டும். “சனிக்கிழமை சூளை ஏற்றுகிறோம், கால்வாசி இடம் காலி” என்று ஒரு செய்தி போகட்டும். நேர்மையான விமர்சனம் வரட்டும். அதற்குக் குழு சிறிதாக இருக்க வேண்டும்; ஒருவர் அரைகுறையாகக் காட்டியதை அவரைக் கேட்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டும். இன்ஸ்டாகிராமில் இது நடக்காது. ஆறடிக் கித்தானும் அஞ்சலட்டையும் ஒரே அளவாகத் தெரியும் இடம் அது. விற்பனைக்கு அது உதவும், உதவட்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறர் தளத்தில் வைப்பது நம்முடைய சேமிப்பாகாது. ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. மைஸ்பேஸில் இசைக்கலைஞர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏற்றிவைத்த பாடல்கள், ஐந்து கோடிக்கு மேல் இருக்கும் என்கிறார்கள், சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டன என்பது 2019இல் தெரியவந்தது. பட்டறைக்கென்று ஒரு ஹார்ட்டிஸ்க், அதற்கொரு நகல் வேறொருவர் வீட்டில்: இதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு படத்தோடும் தேதி, அளவு, ஊடகம், எத்தனை படிகள் எடுத்தது, சக்கரம் சுற்றியவர் பெயர் இருக்க வேண்டும். உதவிய கைகளின் பெயர்கள் கலை வரலாற்றில் விடுபட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. நம் காலத்திலாவது அது நிற்கட்டும். சேமிப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. சென்னைக் கலை இயக்கத்துக்கென்று சோழமண்டலத்திலேயே ஓர் அருங்காட்சியகம் 2009இல்தான் திறந்தது. கிராமம் தொடங்கி 43 ஆண்டுகள் கழித்து! அதற்குள் எத்தனை பேர் போய்விட்டார்கள்! பணிக்கரே 1977இல் மறைந்தவர்.

மூத்தவர்களில் சிலர் கைபேசிப் பக்கமே வரமாட்டார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். இளையவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்தால் போதும்.

கூட்டுப் பட்டறைகளில் வேலை செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்கு முடிந்த ஓவியங்களை அனுப்பாதீர்கள். சரியாக விழாத ஒரு படியையும், அதைச் சுற்றி உங்கள் மேசையில் நடந்த பேச்சையும் எழுதி அனுப்புங்கள். அவற்றுக்கென்று பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

– ஆசிரியர் குழு