கடலுக்கு 61 நாள், ஆற்றுக்கு எத்தனை நாள்?

மே மாசம் சிங்காரப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால் எப்பவும் இதே பேச்சுதான்.

"என்னண்ணா, வஞ்சிரம் இந்த விலை சொல்றீங்க?"

"தடைக்காலம் தம்பி. ஜூன் பதினாலு வரைக்கும் இப்படித்தான். வேணும்னா டேம் மீன் எடுத்துக்க."

கட்லாவோ ஜிலேபியோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். கடலைப் பற்றிய நம் கவலை அத்தோடு முடிந்தது. செய்திகளும் வருஷா வருஷம் இதையே சொல்கின்றன. தடைக்காலம் தொடங்கியது, மீன் விலை எகிறியது. தடைக்காலம் முடிந்தது, அசைவப் பிரியர்கள் மகிழ்ச்சி.

இந்த 'அசைவப் பிரியர்கள் மகிழ்ச்சி'யோடுதான் எனக்குச் சண்டை. ஒரு சமூகம் 61 நாள் வருமானத்தை நிறுத்திவிட்டுக் கடன் வாங்கிப் படகைத் தயார் செய்கிறது. அதை நாம் பார்ப்பது குழம்புச் சட்டி வழியாக மட்டும்தான். கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்கிறோம். கொடுப்பது யார்? நாமா?

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஷட்டவுன் வரும். மெஷினைக் கழற்றித் துடைப்பார்கள், ஆயில் மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. எங்களுக்குக் கிடையாது. போன மே மாசம் அப்படி ஒரு ஷட்டவுனில், கூட வேலை பார்க்கும் நண்பனோடு அவன் ஊரான கடலூருக்குப் போனேன். செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக பஸ். போய் இறங்கினால் அங்கேயும் ஷட்டவுன்.

துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. சிலதைக் கரையில் ஏற்றியிருந்தார்கள். ஒரு மரப்படகில் பலகை இடுக்குகளில் இருந்த பழைய பஞ்சைப் பிடுங்கிப் புதுசு அடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் படகில் எஞ்சினை முழுசாகப் பிரித்துத் தார்பாயில் பரப்பியிருந்தார்கள். விசிறியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியாகிவிட்டது. நிழல் கிடைத்த இடத்தில் எல்லாம் ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தடைக்காலத்தில்தான் மீன்வளத்துறை அதிகாரிகள் படகுகளை ஆய்வு செய்வார்கள் என்பதால் காகிதங்களும் தயாராக இருக்க வேண்டும். திறக்கிற நாளுக்கு டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் வேறு.

நண்பனின் சித்தப்பா வலை தைத்துக்கொண்டிருந்தார். "இந்த வேலைக்கு என்ன சித்தப்பா கூலி?" என்று கேட்டேன். சிரித்தார். "கூலியா? சாப்பாட்டுக்குப் படி குடுப்பாங்க. கடலுக்குப் போய் மீன் வித்தாத்தான் பங்கு. டீசல், ஐஸ் எல்லாம் கழிச்சு மிச்சம்." படகு உரிமையாளர் நிலைமை தெரியுமா என்று கேட்டேன். "அவரு ஏவாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்காரு. வர்ற மீனு அந்த ஏவாரிக்குத்தான். அவரு சொல்றதுதான் விலை."

மெஷினுக்குச் செலவு உண்டு, ஆளுக்குச் சம்பளம் இல்லை. கான்ட்ராக்ட்காரனான எனக்கு இது சட்டென்று புரிந்தது.

அரசு நிவாரணம் தருகிறதே என்பீர்கள். தருகிறது. முன்பு 5,000 ரூபாயாக இருந்தது இப்போது ஒரு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 131 ரூபாய். ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. நாம் அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கும் காசு கூட இல்லை இது.

"அப்போ தடையே வேண்டாம்ங்கறியா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. தடை வேண்டும். கேரளத்தில் 1988-இல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது சிறு மீனவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதால்தான். தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கி 2017-இலிருந்து 61 நாள் ஆனது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடை மீனவருக்கு எதிரி இல்லை. தடை ஒன்றே போதும் என்று நாம் நம்புகிறோம் பாருங்கள், அதுதான் பிரச்சினை.

எல்லா மீனும் ஏப்ரல் 15-க்குக் காத்திருந்து முட்டை போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம். தடை கொடுக்கும் நிஜமான நன்மை, இழுவலைகள் கடல் தரையைக் கொஞ்ச நாள் சுரண்டாமல் இருப்பது. ஆனால் 61 நாள் கடனில் உட்கார்ந்திருந்தவன் அறுபத்திரண்டாம் நாள் என்ன செய்வான்? எல்லாப் படகும் ஒரே நாளில் கிளம்பும். வட்டியும் டீசல் கடனும் முதுகில். சின்ன மீனா பெரிய மீனா என்று பார்க்க யாருக்கு முடியும்? எல்லோரும் ஒரே சமயத்தில் கரைக்கு வந்தால் விலை விழும். விழுந்தால் இன்னும் அதிகமாகப் பிடிக்க வேண்டும். ஆளாகாத குஞ்சுகள் கோழித் தீவனத்துக்கும் மீன் மாவு ஆலைக்கும் போகும். நாம் 'அசைவப் பிரியர்கள் மகிழ்ச்சி' என்று எழுதுவோம்.

இது நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை. வட பசிபிக்கில் ஹாலிபட் என்று ஒரு மீன் உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே கூட வளரும் தட்டை மீன். நம் கடலிலும் அதற்கு ஒரு தூரத்து உறவு இருக்கிறது, எருமை நாக்கு. ஆங்கிலத்தில் இதை இந்திய ஹாலிபட் என்பார்கள். இதன் அறிவியல் பெயர் செட்டோடஸ் எருமெய். கவனியுங்கள், நம் எருமை அதற்குள் நிற்கிறது.

அந்த ஹாலிபட்டைக் காப்பாற்ற 1923-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டன. நம்மைப் போலவே முதலில் செய்தது காலத் தடைதான், குளிர்காலத்தில் மூன்று மாசம். பல பத்தாண்டுகள் கழித்து, படகுகள் பெருகப் பெருக, பிடிக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1990-களின் தொடக்கத்தில் அலாஸ்காவின் முக்கியப் பகுதிகளில் சீசன் என்பது வருஷத்துக்கு 24 மணி நேரம் வீதம் ஓரிரு தடவை என்று சுருங்கிவிட்டது. அந்த ஒரு நாளுக்காக மாசக்கணக்கில் தயாரிப்பு. அந்த நாள் புயல் அடித்தாலும் போயே ஆக வேண்டும். நாளைக் குறைத்தால் பிடிப்பு குறையும் என்று நினைத்தார்கள், வெறிதான் கூடியது.

1995-இல் அலாஸ்காவில் முறையை மாற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பங்கு, சீசன் ஏறக்குறைய எட்டு மாசம். ஓட்டப் பந்தயம் நின்றது. ஆனால் பங்கை விற்கலாம் வாங்கலாம் என்று ஆனதும் அது சொத்தாகிவிட்டது. சின்ன ஊர்களிலிருந்து பங்குகள் கைமாறிப் போயின. புதிதாக வரும் இளைஞன் மீன் பிடிக்கும் முன்பே பங்கு வாங்கக் கடன் தேட வேண்டும். அதனால் அதை அப்படியே இங்கே கொண்டு வா என்று நான் சொல்லவில்லை. காலண்டரை மட்டும் மூடினால் போதாது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி நம் பக்கம் வருவோம். கடலூர் நமக்கு எங்கேயோ இருக்கிற ஊர் இல்லை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூர் வந்து, கெலவரப்பள்ளியைத் தாண்டி, கே.ஆர்.பி. அணை, சாத்தனூர் அணை எல்லாம் கடந்து கடலூர் பக்கம்தான் கடலில் சேர்கிறது. எங்கள் பக்கத்துப் பாம்பாறும் அதில்தான் கலக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகள் பொம்மை மாதிரி அடித்துப் போனதை எல்லோரும் ஃபோனில் பார்த்தீர்கள். அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் சாத்தனூரில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட வைத்தது. கடலூர் மூழ்கியது. எங்கள் ஊர் மழை அவர்கள் வீட்டுக்குள் போனது.

மழை போகும் வழியில் மற்றதும் போகும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில்தான் இறங்குகிறது. பெல்லந்தூர் ஏரி 2017-இல் தீப்பிடித்தே எரிந்தது. கெலவரப்பள்ளியில் தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலை மாதிரி எழும்பும். ரீல்ஸ் போடுகிறோம். அந்த நுரை அப்படியே கடலூர் வரைக்கும் போகிறது என்று நான் சொல்லவில்லை, நடுவில் இரண்டு பெரிய அணைகள் இருக்கின்றன. வெயில் காலத்தில் கீழே வெறும் மணல்தான். ஆனால் அதுவும் பிரச்சினைதான். முகத்துவாரத்துக்கு வர வேண்டிய நல்ல தண்ணீர் வருவதில்லை. வெள்ளத்தில் வருவது தேங்கினதையும் அடித்துக்கொண்டு வருகிறது.

முகத்துவாரம் ஏன் முக்கியம்? வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை போடுவது கடலில். குஞ்சு வளர வருவது முகத்துவாரத்துக்கும் கழிமுகத்துக்கும். வளர்ந்த பிறகு கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா, பால்மீன் குஞ்சுகளுக்கும் அதுதான் தொட்டில். கடலில் படகை நிறுத்திவிட்டுத் தொட்டிலில் சாக்கடையை விட்டால் அதற்கு இனப்பெருக்கக் கால ஓய்வு என்று பெயரா?

படகுக்கு 61 நாள் தடை. ஆற்றில் கழிவு விடுவதற்கு எத்தனை நாள் தடை? நம் சலவைத்தூளுக்கு எத்தனை நாள்? சித்தப்பா ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் அதே மே மாசத்தில் என் அறையின் துணி துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது. கடலூர் போய் வந்த பிறகுதான் அதை யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. தடைக்கால நிவாரணம் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாகட்டும். வலை தைப்பதும் எஞ்சின் பிரிப்பதும் வேலைதான், அதற்குக் கூலி உண்டு என்று ஒப்புக்கொள்ளட்டும். திறக்கும் நாளில் கடன் துரத்தாமல் இருந்தால்தான் குஞ்சை விட்டுவிடு என்று ஒருவரிடம் சொல்ல முடியும். கேரளம் 2015-லேயே இன்ன மீன் இன்ன அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அது இங்கேயும் கறாராக வரட்டும். ஆற்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும். அந்த 61 நாளில் தென்பெண்ணையில் யார் எவ்வளவு கழிவு விட்டார்கள் என்பதை ஊர் பார்க்கும்படி பலகையில் எழுதி வைக்கட்டும். படகை நிறுத்தியிருக்கும் ஆளுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

கிளம்பும்போது சித்தப்பா, "பதினாலாம் தேதி ராத்திரி இருந்து பாத்துட்டுப் போயேன் தம்பி, எல்லா போட்டும் லைட்டு போட்டுக்கிட்டுப் போறது நல்லா இருக்கும்" என்றார். ஷட்டவுன் அதற்கு முன்பே முடிகிறது, நிற்க முடியாது என்றேன். "உனக்கும் லீவுக்குச் சம்பளம் கிடையாதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அப்போ நீயும் நம்ம ஆளுதான்" என்றார்.

வரும் ஜூனில் வஞ்சிரம் விலை இறங்கும். வாங்குங்கள், சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். விரல் நீளக் குஞ்சுகளைக் கூறு கட்டி விற்றால் மட்டும், "ஏண்ணா, இதையெல்லாம் ஏன் எடுக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியே, நம் வீட்டுச் சாக்கடை எந்த ஆற்றில் சேர்கிறது என்றும் விசாரியுங்கள்.