வீட்டில் இருக்கும் சிலிண்டருக்கு யார் பொறுப்பு?

2021இல் இலங்கையில் கடைக்கு வரவேண்டிய சமையல் எரிவாயுச் சிலிண்டரை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்துவிட்ட சிலிண்டரை என்ன செய்வது என்று சொல்ல மட்டும் அவர்களுக்கு வாய் வரவில்லை. அப்போது அரசு மேலிடம் எடுத்த தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான். புதிய விநியோகம் தற்காலிகமாக இடைநிறுத்தம். கசிவைக் காட்டிக்கொடுக்கும் மணப்பொருளைப் போதிய அளவில் சேர்த்த பின் மீண்டும் விநியோகம். ஏற்கெனவே விற்று, பணமும் வாங்கியாகிவிட்ட சிலிண்டர்களுக்கு மட்டும் அறிவுரை.

நடந்தது இதுதான். 2021 நவம்பர் 20ஆம் திகதி கொழும்பு ரேஸ் கோர்ஸ் கட்டடத்தில் எரிவாயு வெடித்தது. அதன் பிறகு அடுப்பு வெடித்தது, ரெகுலேட்டர் பற்றியது, குழாய் எரிந்தது என்று செய்தி வராத நாள் இருக்கவில்லை. உயிர்களும் போயின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை அன்றைய ஜனாதிபதி நியமித்தார். புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதா, மாறியது என்றால் யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்பதை அந்தக் குழு ஆராய வேண்டியிருந்தது. ஆய்வுக்கு அவகாசம் தேவைதான். ஆனால் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தோட்ட வேலைக்கான பிரட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அந்த அவகாசம் இருக்கவில்லை. அவருக்கு அன்றே பதில் வேண்டியிருந்தது: இந்தச் சிலிண்டரைப் பாவிக்கலாமா, கூடாதா?

அதற்கு அன்று கிடைத்த பதில்களை அடுக்கிப் பாருங்கள். பதற்றப்பட வேண்டாம். குழாயும் ரெகுலேட்டரும் தரமானவையா என்று பாருங்கள். பழைய அடுப்பாக இருந்தால் மாற்றுங்கள். சவர்க்கார நுரை தடவிக் கசிவைச் சோதியுங்கள். சந்தேகம் இருந்தால் அழையுங்கள். இவற்றில் எதுவும் தவறான ஆலோசனை அல்ல. ஆனால் எல்லா வரிகளுக்கும் எழுவாய் நுகர்வோர்தான். பார்க்க வேண்டியவர் அவர், மாற்ற வேண்டியவர் அவர், சந்தேகப்பட வேண்டியவரும் அவர். எரிவாயுவை இறக்கியவர், நிரப்பியவர், விற்றவர், விற்க அனுமதித்தவர் என்று ஒருவர்கூட அந்த வரிகளுக்குள் இல்லை. நாளை ஒரு வீடு எரிந்தால், நாங்கள்தான் சோதிக்கச் சொன்னோமே என்று கைகழுவிவிட வசதியாகவே இவை எழுதப்பட்டிருந்தன.

‘சந்தேகம் இருந்தால்’ என்ற நிபந்தனை ஒன்றே போதும், ஓர் எச்சரிக்கையைச் செயலற்றதாக்க. அதைப் படிக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் தம் வீட்டில் கோளாறு எதுவும் இல்லை என்றே நினைப்பார்கள். மனித இயல்பு அது. மிஞ்சிய ஒருவர் சிலிண்டரைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு விறகுக்குப் போவார். திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா, வேறு சிலிண்டர் தருவார்களா, யாரிடம் கொடுப்பது என்று எதுவும் தெரியாதபோது அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

இதில் உச்சக்கட்டம் ஒன்று இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் மூக்கு அறியட்டும் என்றுதான் எதைல் மெர்கப்டன் என்ற மணப்பொருளைக் கலக்கிறார்கள். விநியோகத்தை நிறுத்தியவர்களே அந்த மணப்பொருள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். அப்படியானால் வீடுகளில் இருந்த வாயுவில் மணம் போதுமானதாக இல்லாமல் இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, கசிவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அழையுங்கள் என்றார்கள். மணக்காத வாயுவை எந்த மூக்கால் சந்தேகப்படுவது?

கொழும்பில் இருந்து இந்த அறிவுரைகளை எழுதியவர்கள் பதுளை மாவட்டத்தின் பசறைப் பக்கத்துத் தோட்ட லயம் ஒன்றின் குசினியில் ஒருமுறை நின்றிருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஜன்னல் இல்லாத, தகரக் கூரை தாழ்ந்த குசினியில் அது வெளியேற வழியில்லை. அங்கே விறகடுப்பும் கேஸ் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஏனென்றால் வேறு இடம் கிடையாது. ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் காம்பராக்களில் ஒன்றில் பற்றினால் அடுத்த வீட்டுக்காரர் தப்ப முடியாது. ‘காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்’ என்ற வரி இந்த வீடுகளுக்குப் பொருந்துமா என்று எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பாரா?

கோணக்கலையிலோ நமுனுகுலையிலோ கேஸ் அடுப்பு வைத்திருக்கும் குடும்பம் அதைச் சும்மா வாங்கிவிடவில்லை. கொழும்புக் கடையில் நிற்கும் மகனோ வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் மகளோ அனுப்பிய காசில் வந்தது அது. 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை அப்போது 2,675 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், எத்தனையோ போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறிய 1,000 ரூபா. இரண்டரை நாளைக்கு மேல் மலையேறிக் கொழுந்து பறித்த கூலி அந்த இரும்புக்குள் இருந்தது. பணத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் அதை ஒதுக்கி வை என்றால் யார் ஒதுக்குவார்கள்? பயத்தோடே பாவிப்பார்கள். பாவித்துக்கொண்டும் இருந்தார்கள்.

அறிவித்தல் எழுதுகிறவர்களுக்குத் தெளிவாக எழுதவே வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2021 அக்டோபரில் எரிவாயுவின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபோது வந்த அறிவித்தல்களை நினைத்துப் பாருங்கள். ஒரே தடவையில் 1,257 ரூபா ஏற்றி, பிறகு அதில் 75 ரூபா குறைத்தார்கள். எந்தச் சிலிண்டர், எத்தனை ரூபா, எப்போதிலிருந்து என்பதில் மயக்கத்துக்கு இடமே இல்லை. சந்தேகம் இருந்தால் கூடுதல் விலை கொடுங்கள் என்று எழுதவில்லையே! காசு வாங்கும்போது வளைவு நெளிவில்லாமல் வரும் மொழி, உயிர் காக்க வேண்டிய நேரத்தில் மட்டும் ஏன் குழைகிறது?

உலகம் இந்தக் குழைவை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணைக்குழு முன்வைத்த பொருட் பாதுகாப்புச் சட்ட வரைவு, ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்டும் சொற்களைத் திரும்பப் பெறும் அறிவித்தல்களில் சேர்க்கக் கூடாது என்றது. ‘தாமாக முன்வந்து’, ‘முன்னெச்சரிக்கையாக’, ‘அரிதான சந்தர்ப்பங்களில்’ போன்றவை அதில் வந்தன. இதுவரை விபத்து எதுவும் பதிவாகவில்லை என்று சேர்த்து எழுதுவதும் கூடாது என்றது. அப்படி எழுதினால் மக்கள் பொருளைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்பதே காரணம். 2016இல் சாம்சங் நோட் 7 கைப்பேசிகள் தீப்பிடித்தபோது என்ன சொன்னார்கள்? அணைத்துவிடுங்கள், திருப்பிக் கொடுங்கள், பணம் அல்லது மாற்றுக் கைப்பேசி தருகிறோம் என்றார்கள். அந்தக் கைப்பேசியின் பெயரைச் சொல்லி விமானங்களில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த நாட்களில் வளைகுடாவுக்குப் போய்வந்த நம் தோட்டத்துப் பெண்கள் அதைக் காதால் கேட்டிருப்பார்கள். ஒரு கைப்பேசிக்குச் சொல்ல முடிந்ததை ஒரு சிலிண்டருக்குச் சொல்ல முடியாதா?

முடியாது என்பதல்ல, பழக்கமில்லை. ஆட்கள் மாறினாலும் அதிகாரக் கதிரைகளின் பழக்கம் மாறவில்லை. அதே 2021இல் 12.5 கிலோவின் இடத்தில் ‘18 லீற்றர்’ என்று எழுதிய சிலிண்டர் வந்ததே, மறந்துவிட்டதா? கிலோவில் விற்றதை லீற்றரில் எழுதினால், உள்ளே இருப்பது குறைந்ததைச் சனம் கவனிக்காது என்ற கணக்கு அது. சனம் கவனித்தது, கூச்சல் போட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் தேங்காய் எண்ணெய். இறக்குமதியான எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அப்லாடொக்சின் இருப்பதாகச் சித்திரைப் புத்தாண்டுக்குச் சில வாரங்கள் இருக்கையில் செய்தி வந்தது. எந்தப் பெயரில் விற்கும் எண்ணெய் என்று நாடே கேட்டது. சந்தைக்கு வரவில்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். தங்கொட்டுவையில் எண்ணெய் பவுசர்கள் பிடிபட்டன. அப்போதும் கடைக்குப் போகும் ஒருவர் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அறியும்படி ஒரு பட்டியல் வரவில்லை. தோட்டத்துக் கடையில் போத்தல் கொண்டுபோய் அளந்து வாங்கும் எண்ணெய்க்குப் பெயரே கிடையாது. ‘புற்றுநோய் எண்ணெய்’ என்ற பீதி மட்டும் வீடுவீடாக வந்து சேர்ந்தது. பலகாரம் சுட்டவர்களும் பயந்துகொண்டே சுட்டார்கள்.

2013 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பால்மா. டிசிடி என்ற வேதிப்பொருள் என்றார்கள், பக்டீரியா என்றார்கள். ஒரு தரப்பு திரும்பப் பெறு என்றது, மறு தரப்பு பரிசோதனையே பிழை என்றது, விடயம் நீதிமன்றம் வரை போனது. இவற்றுக்கு நடுவே குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று தாய்மார் கேட்ட கேள்வி அநாதையாக நின்றது.

இந்தப் பதுளை மாவட்டத்தில் யாரும் மறக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2005இலும் 2011இலும் எச்சரித்தோம், போகவில்லை என்றார்கள் அதிகாரிகள். எங்கே போவது என்று அந்த எச்சரிக்கையில் இருந்ததா? மாற்றுக் காணி, மாற்று வீடு, ஏற்றிச்செல்ல ஒரு லொறி என்று ஏதாவது இருந்ததா? ஆபத்தை மட்டும் சொல்லி வழியைச் சொல்லாத எச்சரிக்கை, பின்னால் காட்டுவதற்கான கோப்பு. அன்று மண்ணுக்கு எழுதிய அதே பாணியில் 2021இல் எரிவாயுவுக்கு எழுதினார்கள்.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. ஆனாலும் ஊவா தோட்டங்களுக்கு இந்த அறிவித்தல்கள் கடைசியாக, கசங்கிய தமிழில்தான் வந்தன. அதை எத்தனையோ முறை எழுதிவிட்டோம். நல்ல தமிழில் வந்தால் மட்டும் என்ன? பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாக்கியம் எந்த மொழியிலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கத்தான் செய்யும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. அமைச்சு இருக்கிறது. இவற்றில் ஒன்றாவது முன்னால் வந்து, விற்றது நாங்கள், அனுமதித்தது நாங்கள், திரும்ப எடுப்பதும் நாங்களே என்று எழுத வேண்டும். என்ன பொருள், என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், பணத்துக்கு யார் பொறுப்பு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதை எப்படி ஒழுங்கு செய்வது என்பது சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை. அதுவரை வரும் ஒவ்வொரு அறிவித்தலும் நுகர்வோரைக் காக்க எழுதப்பட்டது அல்ல, எழுதியவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள எழுதியது.