ஓடப் போகிறேன்!

விடியற்காலை நாலரை மணி. வாசற்கதவை ஓசைப்படாமல் திறந்துகொண்டு நான் படி இறங்கியதைப் பார்த்து, பால் பாக்கெட் போடும் பையன் திகைத்து நின்றுவிட்டான்.

"எங்கேம்மா, இந்நேரத்துக்கு?"

"ஓடப் போகிறேனப்பா" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயாவோட ஏதாச்சும் சண்டையாம்மா?" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. 52 வயதுக்காரி விடியுமுன் ‘ஓடப் போகிறேன்’ என்றால், செங்கற்பட்டில் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு!

நான் ஓடப் போனது கொளவாய் ஏரிப் பக்கம். அங்கே மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர். அவரை நாங்கள் பெரியக்கா என்போம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. மான் மாதிரி ஓடும் காலேஜ் பெண் ஒருத்தி. சென்னையில் ‘ட்ரீம் ரன்னர்ஸ்’ என்ற அமைப்பு நடத்தும் அரை மராத்தானுக்கு நாங்கள் நாலு பேரும் பெயர் கொடுத்திருந்தோம். தூரம் 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதில் திரளும் பணம், கால் இழந்த ஏழைகளுக்குச் செயற்கைக் கால் பொருத்தப் போகிறது.

அதனால்தான் நான் பெயர் கொடுத்தேன். என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் கொல்லைப்புறத்தில் காலில் முள் ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை முற்றினால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகும். ரத்த ஓட்டமும் குறையும். புண் வந்தால் வலிக்காது, ஆறவும் ஆறாது. நாங்கள் கவனித்தபோது விரல் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "யார் கையையும் பிடிக்காமல் ஒரு தடவை சமையலறைக்குப் போகணும்டி" என்பாள் அம்மா. செயற்கைக் கால் வாங்கலாம் என்று நாங்களும் பேசிக்கொண்டே இருந்தோம். இந்தப் பொங்கல் கழியட்டும், அந்தக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டோம். அம்மா காத்திருக்கவில்லை.

ஜெய்ப்பூர் கால் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரில் உருவாக்கியது. அதைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம். 1981ல் பஸ் விபத்துக்குப் பின் காலை இழந்த சுதா சந்திரன் அதைப் பொருத்திக்கொண்டுதானே மறுபடி பரதம் ஆடினார்! எனக்கு அதெல்லாம் தெரிந்திருந்தும் என்ன பிரயோஜனம்?

பயிற்சிக்கு வருகிறேன். பெரியக்கா போட்ட விதி ஒன்றே ஒன்று: ஓடும்போது பேச முடிய வேண்டும். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், நடந்துவிடு. இதைவிடப் பொருத்தமான விதி நமக்கு உண்டா, சொல்லுங்கள்! நாட்டுப்பெண் சமாசாரம், தங்கம் விற்கிற விலை எல்லாம் பேசிக்கொண்டே, இரண்டு மாதத்தில் இரண்டு கிலோமீட்டரிலிருந்து பன்னிரண்டுக்கு வந்துவிட்டோம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். வீடு திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் போய் இறங்கி, அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு ஓடினோம். சுமார் 15 கிலோமீட்டர். பத்தைத் தாண்டியதும் எனக்குக் கெண்டைக்கால் கல்லாய் இறுகிவிட்டது. ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். வெயிலும் ஏற ஆரம்பித்திருந்தது.

"நீங்கள் போங்கள், நான் ஆட்டோ பிடித்து வருகிறேன்" என்றேன். நர்ஸ் பதிலே சொல்லாமல் என் ஷூவைக் கழற்றி, பாதத்தை முழங்கால் பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டாள். வெகுதூரம் முன்னே போய்விட்ட காலேஜ் பெண்ணும் திரும்பி ஓடி வந்தாள்.

"உன் நேரம் கெட்டுப் போகுமேடி!"

"போனால் போகட்டும் மாமி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருமே!"

மீதி தூரத்தை நாலு பேரும் நடந்தோம். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் அலையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியினால்தான் என்று சொல்லி வைத்தேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பெரியக்கா டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொன்னார். கானடாவைச் சேர்ந்த பையன். புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவன். 1980ல் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாட்டின் குறுக்கே ஓடக் கிளம்பினான். 143 நாளில் 5,373 கிலோமீட்டர்! நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் பாதியில் நின்றது. மறு வருஷம் போய்விட்டான், பாவம். ஆனால் அவன் கூடவே டக் ஆல்வர்டு என்று ஒரு சிநேகிதன் வேன் ஓட்டிக்கொண்டு போனான், சமைத்துப் போட்டான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சிலை வைத்தது டெர்ரிக்கு. எனக்கென்னவோ அந்த வேன்காரப் பிள்ளையின் ஞாபகமாகவே இருந்தது.

ஓட்டம் நடந்த அன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று எனக்கு. அதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

பால் பையன் ஒரு நாள் தயங்கித் தயங்கி நின்றான். "நீங்க கால் இல்லாதவங்களுக்காக ஓடினீங்களாமே? எங்க ஆயாவுக்குச் சர்க்கரைம்மா. கால்ல புண்ணு. வலியில்லேன்னு சும்மா இருக்குது."

வலியில்லை! எனக்குப் பகீரென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏரியிலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போனோம். நர்ஸ் கிழவியின் பாதத்தை மடியில் வைத்து, டார்ச் அடித்து, விரலிடுக்கெல்லாம் பார்த்தாள். "இன்றைக்கே ஆஸ்பத்திரி" என்றாள். தினமும் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளேயும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று பையனிடம் இரண்டு முறை சொன்னாள். காலேஜ் பெண் ஆட்டோ கூப்பிடப் போனாள்.

ஆட்டோவில் ஏறப்போன கிழவி நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புருசனோட சண்டை போட்டுக்கிட்டு ஓடினது நீதானா?" என்றாள்.