வாயை மூடிக்கொண்டது போதும்!

மொழிக்கழகத்தில் சேர்ந்துவிட்டு வாயைத் திறக்கப் பயந்தவன் நான். காரணம் மேடைக் கூச்சமல்ல, வாய் நாற்றம்!

பாசிர் கூடாங்கில் இடைநிலைப்பள்ளி பயின்றபோதே இது தொடங்கிவிட்டது. நான் பேசினால் நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காரணத்தை ஒருவரும் சொன்னதில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஊரிலுள்ள 111 பள்ளிகளும் மூடப்பட்டன அல்லவா? அன்றிலிருந்து எங்கள் பாட்டிக்கு எந்த நாற்றம் என்றாலும் தொழிற்சாலைதான் காரணம். "ஒழுங்கா பல்லு விளக்குடா" என்பார் அம்மா. மூன்று வேளையும் விளக்கினேன், பலனில்லை. பல்கலைக்கழகத்தில் பட்டிமன்றத்திற்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் விலகினேன்.

ஒருநாள் இருமியபோது அரிசிக் குருணை போல் மஞ்சளாக ஒன்று வந்து விழுந்தது. நசுக்கினால் அழுகிய முட்டை வாடை! புற்றுநோயோ என்று பதறி அரசாங்கக் கிளினிக்கிற்கு ஓடினேன். "டான்சில் கல், தம்பி. பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதையில் சிறு குழிகள் உண்டு. உணவுத் துணுக்கும் இறந்த செல்களும் கிருமிகளும் அவற்றில் தேங்கி, சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகின்றன. கிருமிகள் வெளியிடும் கந்தக வாயுவே நாற்றத்துக்குக் காரணம். சிலருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருக்கும், காதுகூட வலிக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லை. வெதுவெதுப்பான உப்பு நீரால் தொண்டைவரை கொப்பளித்து, நாக்கை வழித்து, தண்ணீர் நிறையக் குடித்தால் குறையும். குச்சியால் குத்தி எடுக்காதீர்கள், இரத்தம் வரும். ஓயாமல் தொல்லை தந்தால் மட்டுமே அறுவை சிகிச்சை. ஆனால் ஒருபக்க டான்சில் மட்டும் வீங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வெள்ளிக் கட்டணத்தில் தெரிந்திருக்க வேண்டிய செய்திக்காக நான் பல ஆண்டுகள் ஊமையாக இருந்தேன். குற்றம் கல்லுடையதா, நம் கூச்சத்துடையதா? நண்பனின் வாய் நாறினால் முதுகுக்குப் பின்னால் சிரிக்காதீர்கள். தனியே அழைத்துச் சொல்லுங்கள். அதுவே நட்பு. சொல்லக் கேட்டவரும் கோபப்படாமல் கிளினிக்கிற்குப் போகட்டும்.

இவ்வாண்டுப் பட்டிமன்றத்திற்கு மீண்டும் பெயர் கொடுத்துவிட்டேன், நண்பர்களே. இம்முறை விலகமாட்டேன்!