இப்போது யார் முறை?

சென்ற ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் காலடி வைத்ததும் திகைத்து நின்றுவிட்டேன். அண்ணன் இஞ்ச் டேப்பும் கையுமாகத் தரையில் மண்டியிட்டிருந்தான். அம்மா தன் தையல் மிஷினை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு காவல் நின்றாள்.

"இன்னாடா அளக்குறே? இது எங்கேயும் நகராது. நான் கல்யாணம் ஆகி வந்தப்போ கூடவே வந்த மிஷின்!"

"நகர்த்தலைம்மா. அரை அடி தள்ளி வைக்கலாம்னுதான்..."

விஷயம் இதுதான். அண்ணனுக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் வேலை. காலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய், இரவில் அதே லாரிகளுக்கு நடுவே புகுந்து வருகிறவன். அவனுக்குத் திடீரென்று ஓர் ஆசை. பழைய நாளில் கடைகளில் நிற்கும் பாருங்கள், காசு போட்டு ஆடுகிற வீடியோ கேம் பெட்டி, அது ஒன்றை வீட்டிலேயே செய்து வைக்க வேண்டுமாம். ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம். சாட்சாத் ஒரு பீரோதான்.

"நீயே சொல்லும்மா, நீதான் பத்திரிகையிலே ஊருக்கெல்லாம் யோசனை சொல்றியே!" என்று வழக்கை என்னிடம் தள்ளிவிட்டான்.

அண்ணன் மகள் மீனுவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எனக்கும் முறை உண்டாப்பா?"

"உனக்கு இல்லாமலா கண்ணு! முதல்லே நாங்க பெரியவங்க ஆடிப் பழகிட்டு, அப்புறம் நீ."

அந்த 'அப்புறம்' என் காதில் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பெட்டியின் சமாசாரத்தைப் பார்த்துவிடலாம். அண்ணன் வீட்டில் மட்டுமல்ல, பல வீடுகளில் இன்று இந்த ஆசை புறப்பட்டிருக்கிறது.

* * *

1972-ல் அமெரிக்காவில் அட்டாரி என்ற கம்பெனி 'பாங்' என்றொரு ஆட்டத்தைப் பெட்டியில் வைத்தது. திரையில் இரண்டு கோடுகள், ஒரு புள்ளி. மேஜைப் பந்து போல அந்தப் புள்ளியை இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் தட்ட வேண்டும். அவ்வளவுதான். முதல் பெட்டியைக் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் பெட்டி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. திறந்து பார்த்தால் இயந்திரத்தில் கோளாறு ஒன்றுமில்லை. உள்ளே விழுந்த காசு நிரம்பி வழிந்து அடைத்துக் கொண்டிருந்தது! 1978-ல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. அப்புறம் உலகம் முழுவதும் இந்தப் பெட்டிகள்தாம்.

இன்று இதை வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்தக் காலத்து அசல் பெட்டியையே தேடிப் பிடிப்பது. நான் அண்ணனுக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அசல் பெட்டிக்குள் பழைய டெலிவிஷன் போலக் கண்ணாடிக் குழாய் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். தெரியாதவர்கள் பின்பலகையைத் திறந்து கையை விட்டால் ஆபத்து. போதாக்குறைக்கு அதன் கனம். நாலு பேர் பிடித்தால்தான் மாடி ஏறும். ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளின் மாடிப்படி அகலம் உங்களுக்குத் தெரிந்ததுதானே!

இன்னொரு வழி, பெட்டியைப் புதிதாகச் செய்து உள்ளே இந்தக் காலத்துச் சாமான்களை வைப்பது. நல்ல பிளைவுட், ஒரு தட்டையான திரை, ஆட்டுகிற கைப்பிடி, அழுத்துகிற பொத்தான்கள், ஒலிபெருக்கி. மூளைக்கு 'ராஸ்பெரி பை' என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2012-ல் இங்கிலாந்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கென்று வெளியிட்டது, அது போதும். பழைய ஆட்டங்கள் பலவற்றை உரிமையுள்ளவர்களே இப்போது விற்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவர் ஒருவரும் சொற்ப மின்சார ஞானம் உள்ளவர் ஒருவரும் சேர்ந்தால் காரியம் நடந்துவிடும்.

கடற்கரை ஓரத்துக்காரர்களுக்கு மாத்திரம் ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்து உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பிளைவுடின் வெட்டுவாய்களை வார்னிஷ் போட்டு மூடிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் ஊதிப்போகும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே பெட்டியை வைக்காதீர்கள். பின்புறம் சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை விட்டால் சூடு வெளியேறும், துடைப்பமும் போகும்.

"ஆறடிப் பெட்டி எதுக்கு அண்ணே? உக்காந்து ஆடுற மாதிரி மேஜைப் பெட்டிகூட அந்தக் காலத்திலேயே இருந்ததே. எதிரும் புதிருமா ரெண்டு பேர் ஆடலாம்" என்றேன்.

அம்மாவின் பிடி மிஷினிலிருந்து சற்றுத் தளர்ந்தது.

* * *

இப்போது அந்த 'அப்புறம்' பற்றிச் சொல்கிறேன்.

1980-ல் 'பாக்-மேன்' என்ற ஆட்டம் ஜப்பானில் வெளிவந்தது. மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிப் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும். அதைப் படைத்த டோரு இவாடானி அப்போது இளைஞர். விளையாட்டுக் கூடங்களில் எங்கே பார்த்தாலும் ஆண்பிள்ளைகளே நிற்கிறார்கள், ஆட்டமெல்லாம் சுடுவதும் கொல்லுவதுமாக இருக்கிறது, பெண்கள் உள்ளே வருவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்று அவர் நினைத்தாராம். பெண்களுக்கு எது பிடிக்கும் என்று யோசித்து, 'தின்பது' என்ற முடிவுக்கு வந்தாராம்! சகோதரிகள் கோபிக்க வேண்டாம். காரணம் எப்படியானாலும், வாசலுக்கு வெளியே நின்றவர்களை ஒருவர் நினைத்துப் பார்த்தார் அல்லவா?

எங்கள் தெருவில் அப்படி நினைத்துப் பார்க்க ஆள் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன நாளில் அப்பா பர்மா பஜாரில் ஒரு டி.வி. கேம் வாங்கி வந்தார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்களின் பிழைப்புக்காக 1969-ல் ஏற்பட்ட பஜார் அது. வெளிநாட்டு மின்சாரச் சாமான் என்றால் அந்த நாளில் வடசென்னைக்கு அதுதான் கதி. அண்ணனும் அவன் சிநேகிதர்களும் டெலிவிஷன் முன்னால் வட்டம் கட்டுவார்கள். "நீ பார்த்துக்கிட்டே இரு, அடுத்தது நீதான்" என்பான் அண்ணன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் 'அடுத்தது' வருவதற்குள் இரவுச் செய்தி வந்துவிடும். இல்லாவிட்டால் மின்சாரம் போய்விடும்.

தெருமுனையில் ஒரு கேரம் கிளப் இருந்தது. ஓலைக் கொட்டகை, நடுவில் பலகை, அதன் தலைக்கு மேல் ஒற்றை பல்பு. அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட அம்மா என்னைத்தான் அனுப்புவாள். நான் வேண்டுமென்றே மெதுவாகக் கூப்பிடுவேன். ஆட்டம் பார்க்க வேண்டுமே! கட் அடிப்பது எப்படி, எதிர்க்கட்டையில் மோதித் திரும்பி வருகிற ஸ்ட்ரைக்கர் எந்தக் காயைக் கொண்டு போகும், சிவப்பைப் போட்ட கையோடு 'ஃபாலோ' போடாவிட்டால் சிவப்பு எப்படித் திரும்ப வந்து நடுவில் உட்காரும் என்பதெல்லாம் வாசல் மூங்கிலில் சாய்ந்தபடியே கற்றேன். ஒருநாள் ஒரு பெரியவர், "பாப்பா, இங்கெல்லாம் நிக்கக் கூடாது. வீட்டுக்குப் போ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இருந்தாலும் அதற்கப்புறம் நான் அந்த மூங்கிலண்டை போகவில்லை.

* * *

கேரம் வடசென்னையின் ஆட்டம். 2018-ல் வெற்றிமாறன் எடுத்த 'வட சென்னை' படத்தில் தனுஷ் கேரம் ஆட்டக்காரராக வருவது உங்களுக்கு நினைவிருக்கும். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தோன்றியதே நம் சென்னையில்தான். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன். 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர்.

நம் பெண்கள்? வியாசர்பாடியின் இளவழகி, எளிய உழைப்பாளிக் குடும்பத்துப் பெண், 2008-ல் பிரான்சு தேசத்தில் கான் நகரத்துக்குப் போய் உலகப் பட்டத்தோடு திரும்பி வந்தார். 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் தனி ஆட்டம், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கினார். வயது பதினேழு. தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டுகிறவர். பிள்ளைகளுக்குக் கேரம் கற்றுக்கொடுக்கிறவர். அந்தத் தந்தை தம் மகளிடம் 'அப்புறம்' என்று சொல்லியிருந்தால் மூன்று தங்கமும் வேறு எந்த ஊருக்கோ போயிருக்கும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவன் பேசவில்லை. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, ஏணி போட்டுப் பரண்மேல் ஏறினான். தூசியும் தும்மலுமாக எங்கள் பழைய கேரம் போர்டு கீழே இறங்கியது. ஒரு மூலை லேசாக வளைந்திருந்தது. ஒரு குழியில் வலை இல்லை.

சமையலறையிலிருந்து அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பலகையை ஒரு தடவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஸ்ட்ரைக்கரை வைத்தாள். ஒரே தட்டு. எதிர்க்கட்டையில் மோதித் திரும்பி வந்து, தன் பக்கத்து மூலையில் இருந்த கறுப்புக் காயைக் குழியில் தள்ளியது.

கூடத்தில் மூச்சுச் சத்தமில்லை.

"திருவொற்றியூர்லே எங்க வீட்டுத் திண்ணையிலே தாத்தாவோட ஆடுவேன். ஸ்கூல்லே ரெண்டு வருஷம் கப்பு வாங்கினேன்" என்றாள் அண்ணி, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

"பதினாலு வருஷமா சொல்லவே இல்லையே?" என்றான் அண்ணன்.

"இந்தப் பலகை பரண்மேலே இருந்ததே எனக்குத் தெரியாதே!"

* * *

புதிதாகக் கேரம் போர்டு வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சென்ட்ரலுக்கு அருகே பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போட்டிப் பலகையின் ஆடுகளம் ஒரு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குத்தானே என்று சிறிய பலகை வாங்கினால் நாளைக்கு இன்னொன்று வாங்க நேரிடும். பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கனம் ஏற ஏற நல்லது. கடையிலேயே பலகையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஓங்கித் தட்டினால் கட்டைக்குக் கட்டை மூன்றரைத் தடவையாவது போய்வர வேண்டும். வீட்டில் ஈரத்துணி போடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போரிக் பவுடர் துளித் துளியாகத் தூவினால் போதும். அது வாயில் போகக் கூடாத பொருள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கை கழுவட்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் டப்பாவை உயரத்தில் வையுங்கள்.

பலகையானாலும் பெட்டியானாலும் ஒன்றை முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்ளுங்கள். தோற்றவர் எழுந்திருக்க வேண்டும். அடுத்தவர் யார் என்பதை எழுதி ஒட்ட வேண்டும். பெட்டி என்றால் இரண்டு ஜோடிப் பொத்தான் இல்லாமல் செய்யாதீர்கள். வீட்டில் மிகச் சிறியவளின் கை எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும்.

அண்ணன் மேஜைப் பெட்டிதான் செய்யப் போகிறான். தையல் மிஷினுக்கு ஆபத்து நீங்கியது. நான் புறப்படும்போது அவன் மறுபடியும் டேப்பை எடுத்து, மீனு உட்கார்ந்தால் அவள் முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்துகொண்டிருந்தான்.

அதற்குள் கூடத்துச் சுவரில் ஒரு காகிதம் ஏறியிருந்தது. மீனுவின் கையெழுத்து. முதலில் அண்ணி, இரண்டாவது மீனு, மூன்றாவது ஆயா, நான்காவது அத்தை. அண்ணன் பெயர் கடைசியில்.

"என்னம்மா இது?" என்றான்.

"அப்புறம் நீங்கதான்ப்பா" என்றாள் மீனு.