'ஒன்லி' எதோடு ஒட்டியிருக்கிறது?

சென்ற மாதம் பேரனுக்குக் காய்ச்சல். டாக்டர் கொடுத்த சீட்டில், 'யூ மே கிவ் த சிரப் ஒன்லி இஃப் த டெம்பரேச்சர் இஸ் அபவ் 101' என்றிருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு மருமகள் சிரப்பும் ஸ்பூனுமாக நிற்கிறாள். குழந்தையோ வியர்த்து, அயர்ந்து தூங்குகிறான்.

"காய்ச்சல்தான் விட்டிருக்கேம்மா, ஏன் எழுப்பறே?" என்றேன்.

"இந்த சிரப் மட்டும் கொடுக்கணும்னுதானே அத்தை எழுதியிருக்கு?"

சீட்டை விளக்கடியில் பிடித்துக் காட்டினேன். 'ஒன்லி' சேர்ந்திருப்பது சிரப்போடு அல்ல, 'இஃப்'போடு. நம்முடைய 'தான்' மாதிரி அது. '101-ஐத் தாண்டினால்தான் கொடுக்கலாம்' என்று பொருள். அதுவே 'கிவ் ஒன்லி த சிரப்' என்றிருந்தால், 'சிரப் மட்டும் கொடு' என்றாகிவிடும். ஒரு சொல் இடம் மாறினால் மருந்தே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா!

இன்னொன்று: 'மே' என்றால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. 'மஸ்ட்' என்றால் கொடுத்தே ஆகவேண்டும்.

தெர்மாமீட்டர் வைத்தோம். 99தான். சிரப் அலமாரிக்குத் திரும்பியது.

இளம் தாய்மார்களே, இங்கிலீஷ் சீட்டு கைக்கு வந்தால் மூன்றைப் பாருங்கள்: 'இஃப்' இருக்கிறதா, 'ஒன்லி' எதோடு சேர்ந்திருக்கிறது, 'மே'யா 'மஸ்ட்'டா? துளி சந்தேகம் இருந்தாலும், டாக்டர் எதிரில் இருக்கும்போதே தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?